கேஜில் ஏறினால் டூட்டி, ரயிலில் ஏறினால்?

கோலார் தங்கவயலில் யாரோடு பேச உட்கார்ந்தாலும் அரைமணி நேரத்துக்குள் பேச்சு இடுப்புக்கு வந்துவிடுகிறது. வெளியூரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் நுரையீரலைப் பற்றித்தான் கேட்பார்கள். அதற்கான பதில்கள் ஊருக்கே மனப்பாடம். முதுகு, முழங்கால், தோள்பட்டை பற்றிக் கேட்டால் மட்டும் முதலில் ஒரு சிரிப்பு வரும். "அதெல்லாம் ஒரு வியாதியாம்மா?" என்பார்கள். பிறகு நிறுத்த மாட்டார்கள்.

சாம்பியன் ரீஃபில் தொழிலாளர்களின் லைன் வீடு ஒன்றின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "எழுந்தா திரும்ப உக்கார நேரமாவும்மா, தப்பா நெனச்சுக்காத" என்றார். மைன்ஸ் ஓடிய காலத்தில் டிரில்லராக இருந்தவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியசைத் தாண்டும். மேலே இருந்து குளிர்ந்த காற்றை அனுப்பித்தான் ஆட்களை அங்கே வேலை செய்ய வைத்தார்கள். காற்றழுத்தத்தில் ஓடும் ஜாக்ஹாமரைப் பாறைமேல் வைத்து அழுத்திப் பிடித்துத் துளை போடுவது அவருடைய வேலை.

"மெஷின நிறுத்திடலாம். கை நிக்காது. வூட்டுக்கு வந்து சோத்துல கை வெச்சா தட்டு ஆடும்" என்றார். உள்ளே இருந்து அவர் மனைவி, "ஒத்த ரூபா எடுக்கச் சொல்லு பாப்போம்" என்று குரல் கொடுத்தார். நாற்காலியின் கைப்பிடிமேல் ஒரு நாணயத்தை வைத்தேன். பெரியவர் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் எடுக்கப் பார்த்தார். நாணயம் நழுவி நழுவி ஓரத்துக்கு வந்தது. அங்கே இடது உள்ளங்கையை ஏந்தி, அதற்குள் தள்ளிப் பிடித்துக்கொண்டார். பழகிப்போன வித்தை என்பது அந்த வேகத்திலேயே தெரிந்தது. சட்டைப் பொத்தான் போடுவதற்கு இந்த மாதிரி வித்தை எதுவும் இல்லையாம். அதனால் வீட்டில் எப்போதும் பனியன்தான்.

அதிரும் கருவியை ஆண்டுக்கணக்கில் பிடித்தவர்களுக்கு விரலின் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டுப்போகின்றன. குளிர்நாடுகளில் இந்த நோயாளியின் விரல்கள் வெளுத்துவிடும். டாக்டருக்கு ஒரே பார்வையில் பிடிபடும். வெப்பமான சுரங்கத்தில் வேலை செய்தவரின் விரல் பெரும்பாலும் வெளுப்பதில்லை, மரத்துப்போகிறது. காட்டுவதற்கு அடையாளம் ஒன்றும் இருக்காது. மருத்துவர் முன் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டியதுதான். மேலதிகாரியிடமே வாய் திறக்காமல் பழகியவர் டாக்டரிடம் என்ன சொல்லிவிடப் போகிறார்?

நுரையீரலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எக்ஸ்ரேயில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1940-களில் காப்லன், பர்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் இங்கே 7,653 தொழிலாளிகளைச் சோதித்து, பத்தில் நான்கு பேருக்கும் மேல் சிலிகோசிஸ் இருப்பதாகக் கண்டார்கள். இந்தியாவில் அந்த நோயைப் பற்றிய பேச்சே இங்கிருந்துதான் தொடங்கியது. மைசூர் சமஸ்தானம் 1940-லேயே சிலிகோசிசுக்கென்று விதிகள் போட்டிருந்தது. ஈட்டுத்தொகை கொடுத்தார்கள், குறைத்தும் கொடுத்தார்கள், அதற்காகச் சண்டையும் நடந்தது. ஆனால் கணக்கு என்று ஒன்று இருந்தது. பெரியவர் இதை ஒரே வாக்கியத்தில் சொன்னார்: "மூச்சுக்கு வெல வெச்சாங்க, முதுகுக்கு வெக்கல."

அப்போது அவர் மனைவி வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைச் சாய்த்து வைத்து நடக்கிறார். சுரங்கத்துக்குள் ஒருநாள்கூட இறங்காதவர். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து இடுப்பில் சுமந்தது, தரையில் உட்கார்ந்து மூன்று ஷிப்டுக்கும் சமைத்தது, துணி துவைத்தது, பிறகு பேரப்பிள்ளைகளை இடுப்பில் தூக்கியது. "இவருக்காவது கம்பெனி ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுத்தாங்க. எனக்கு யாரு எடுத்தா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, விலைவாசி பேசுகிற குரலில்தான் சொன்னார். உலகம் முழுக்க 2020-ல் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்ததாக ஒரு பெரிய மதிப்பீடு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களே அதில் அதிகம். இதற்கு எலும்பு, ஹார்மோன் என்று காரணம் தேடுகிறார்கள். தேடட்டும். இந்த லைனில் நின்று பார்த்தால் குடத்தின் எடைதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

லைனைத் தாண்டினால் சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய அரைத்த பாறைத்தூள், காற்றடிக்கும் பருவத்தில் ஊருக்குள் வரும். ஷாப்டின் இரும்புச் சட்டங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. ஊர்ப்பெயரையே தலைப்பாக்கி 2018-ல் வந்த கன்னடப் படத்திலும், 2024-ல் வந்த 'தங்கலான்' படத்திலும் கதாநாயகர்களின் தோளும் மார்பும் பார்க்கப் பிரமாதமாக இருக்கின்றன. முதுகைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒரு நாயகனை யாராவது எடுத்தால் இந்த ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் 1880-ல் தொடங்கிய சுரங்கத் தொழில், 1956-ல் மைசூர் அரசிடமும் 1962-ல் மத்திய அரசிடமும் போய், 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆகி, 2001 பிப்ரவரி 28-ல் நின்றது. வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து வந்து நான்கைந்து தலைமுறை வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு, பெரும்பாலும் தலித் குடும்பங்களுக்கு, அன்றைக்குப் பிறகு மிச்சமிருந்த பெரிய வசதி ஒன்றுதான்: பங்காருபேட்டைக்குக் கம்பெனிக் காலத்தில் போட்ட ரயில் பாதை. தங்கமும் இயந்திரமும் போய்வந்த தடத்தில் இன்று ஆட்கள் போகிறார்கள். தினமும் ஆயிரக்கணக்கில், பெங்களூருக்கு, போக நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, வரவும் அவ்வளவே.

அந்த ரயிலில் ஏறுவதற்கு முந்தைய மாலை தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு மருந்துக்கடை ஓரம் நின்று கவனித்தேன். சீட்டு கொண்டுவருகிறவர்கள் குறைவு. "வலி மாத்திர ரெண்டு, கேஸ் மாத்திர ரெண்டு" என்று ஜோடியாகவே கேட்கிறார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் அட்டையை வெட்டிக் கொடுக்கிறார். வயதானவர்கள் இடுப்பு பெல்ட்டும் முட்டி உறையும் கேட்கிறார்கள். நடுவயதுப் பெண்கள் தைலமும் ஜெல்லும். இருபது வயதுக்காரர்கள் கழுத்துப்பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, விலை கேட்டுவிட்டு, வைத்துவிடுகிறார்கள். வலி மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, தண்ணீரும் குறைவாகக் குடித்து, மாதக்கணக்கில் ஓட்டினால் இரைப்பையும் சிறுநீரகமும் சேர்ந்து கெடும். கடைக்காரருக்கு இது தெரியும். "சொன்னா பக்கத்துக் கடைக்குப் போவாங்க" என்றார். மறுநாள் பெண்கள் பெட்டியில்தான் தண்ணீரின் கதை புரிந்தது: ரயிலில் கழிப்பறைக்குப் போக வழி கிடைக்காது என்பதால் வேண்டுமென்றே குடிப்பதில்லை.

மாரிக்குப்பம் ரயில் நிலையம் விடியலுக்கு வெகுமுன்பே விழித்துவிடுகிறது. இங்கே ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும். சாம்பியன், உரிகம் வரை கொஞ்சம் நெருக்கி உட்காரலாம். கோரமண்டலில் ஏறுகிறவர்கள் கையோடு செய்தித்தாளோ பழைய பேனர் துண்டோ கொண்டுவருகிறார்கள், தரையில் விரிக்க. பெமல் நகருக்குப் பிறகு நடைவழியில் கால் வைக்க இடமில்லை. பங்காருபேட்டையில் ஏறுகிறவர்கள் நின்றேதான் வர வேண்டும். மாலூர்க்காரர்கள் ஏறுவதே சாமர்த்தியம்.

ரயில் நகர்ந்ததும் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தூக்கம் என்பது தலை முன்னால் தொங்குவது. மனிதத் தலையின் எடை ஐந்து கிலோ அளவு. அது 60 டிகிரி முன்னால் சாய்ந்தால் கழுத்தெலும்பின் மேல் விழும் சுமை 27 கிலோ வரை போகும் என்று 2014-ல் ஒரு முதுகெலும்பு அறுவைசிகிச்சை நிபுணர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் கணக்குப் போட்டது கைப்பேசி பார்ப்பவர்களுக்காக. இங்கே கைப்பேசியே வேண்டாம், அலுப்பு போதும். தரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்னொன்று: உட்கார்ந்த மனித முதுகெலும்பு நொடிக்கு 4 முதல் 8 தடவை வரையான அதிர்வில்தான் அதிகமாகக் குலுங்குகிறது. வண்டித் தரையின் ஆட்டத்தைத் தடுக்க அடியில் இருப்பது ஒரு செய்தித்தாள்.

பெமல் நகர் என்று பெயர் வரக் காரணமான பெமல், 1964-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம், சுரங்கங்களுக்கான டம்பர்களும் புல்டோசர்களும் செய்கிறது. அந்த மாதிரி வண்டிகளின் ஓட்டுநர் இருக்கை எவ்வளவு குலுங்கலாம் என்பதை அளக்க 1997-ல் புதுப்பிக்கப்பட்ட ஐ.எஸ்.ஓ. தரநிலை இருக்கிறது. 1990-ல் தொடங்கிய தேசியச் சுரங்கத் தொழிலாளர் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வகம் இதே தங்கவயலில்தான் இருந்தது. டம்பர் ஓட்டுநர்களின் உடல் அதிர்வை அளந்தவர்கள் அவர்கள். 2019-ல் அந்த நிறுவனத்தை அகமதாபாத்தில் தலைமையகம் கொண்ட தேசியத் தொழில்நல நிறுவனத்தோடு சேர்த்துவிட்டார்கள். டம்பருக்கு இருக்கும் அளவுகோல் தரையில் உட்கார்ந்து வருகிறவருக்கு ஏன் இல்லை என்றால், டம்பரில் இருப்பவர் வேலையில் இருக்கிறார், ரயிலில் இருப்பவர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. பதில் அவ்வளவுதான்.

என் பக்கத்தில் இருந்த அக்கா ஒயிட்ஃபீல்டு தாண்டி ஒரு ஆயத்த ஆடை ஆலையில் தைக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டைக் கழுத்துப்பட்டி மட்டும்தான் அவர் மெஷினுக்கு வரும். வலது தோளை முன்னால் தள்ளி, தலையை இடப்பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ரயிலில் இருக்கிறோம் என்பதை மறந்தால் தையல் மெஷின் முன்னால் இருக்கிறார் என்றுதான் தோன்றும். உடம்பு அந்த வடிவத்துக்கே போய்விட்டது. "மிஷின்ல வலிக்காதுக்கா. டார்கெட் ஓடும்போது எதுவும் தெரியாது. எழுந்து நின்னாத்தான் தெரியும்" என்றார்.

இதற்கு உடலியல் விளக்கம் உண்டு. தோளின் தசையில் சில நார்கள் சின்ன வேலைக்குக்கூட முதலில் எழுந்து, கடைசியில் படுக்கின்றன. ஸ்வீடன் ஆய்வாளர் ஹெக் 1991-ல் இவற்றை சிண்ட்ரெல்லா நார்கள் என்றார், அந்தக் கதையில் வரும் பெண்ணைப் போல ஓயாமல் உழைப்பதால். கனமான எதையும் தூக்க வேண்டியதில்லை. லேசான வேலையை இடைவெளியில்லாமல் செய்தாலே அவை நொந்துபோகும். அதைவிட முக்கியம், பதற்றம் வந்தாலே இவை இறுகிவிடும். கை சும்மா இருந்தாலும் சரி. லைன் சூப்பர்வைசர் பின்னால் நின்றால் தோள் தூக்கிக்கொள்வது ஒரு பேச்சுக்காகச் சொல்வதல்ல. வேலையின் நெருக்கடி அதிகம், வேலையின் மேல் தன் பிடி குறைவு என்ற இரண்டும் சேர்ந்தால்தான் மன இறுக்கம் கூடுகிறது என்று ராபர்ட் கராசெக் 1979-லேயே எழுதினார். இந்த அக்காவுக்கு மெஷினின் வேகமும் தன் கையில் இல்லை, ரயிலின் வேகமும் தன் கையில் இல்லை. சிக்னலில் வண்டி நின்றதும் பெட்டியில் பாதிப்பேர் கண் விழித்து மணி பார்த்தார்கள். தாமதமானால் அரைநாள் சம்பளம் போகும் ஆட்கள் யார் என்று அந்த நேரத்தில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அக்கா அடுப்பு பற்றவைப்பது இரண்டரை மணிக்கு. திரும்பி வீட்டுக்குள் நுழைய இரவு ஒன்பது ஆகும். அதன்பின் பாத்திரம். 2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காகச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். கணவர் உதவுவாரா என்று கேட்டதற்கு எதிர் இருக்கையில் இருந்த இன்னொரு பெண் முந்திக்கொண்டு, "அவரும் அடுத்த பொட்டியிலதான் தூங்கினு கீறாரு" என்றார். பெட்டியே சிரித்தது.

எதிரில் இருந்த பெண்ணுக்கு இருபத்துமூன்று வயது. ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவு. இரவில் விரல்கள் மரத்து விழித்துக்கொள்கிறாளாம், மணிக்கட்டை உதறினால் சரியாகும். மணிக்கட்டு வழியே போகும் நரம்பு நெருக்குப்படுவதன் அச்சு அசலான அறிகுறி அது. பாறையைத் துளைத்த பெரியவரின் விரலும், கணினி மவுஸைப் பிடித்த இவள் விரலும் ஒரே மாதிரி மரத்துப்போவது எனக்கு விசித்திரமாக இருந்தது. அவருக்கு அறுபதில் தெரிந்தது இவளுக்கு இருபதில் தெரிகிறது. அவளுடைய அலுவலகத்தில் நாற்காலியை எப்படிச் சரிசெய்து உட்காருவது என்று ஒரு வகுப்பு எடுத்தார்களாம். காலை பத்து மணிக்கு. "அதுக்கு முன்னாடி மூணு மணி நேரம் கதவோரம் தரையில குந்தினு வந்தேன். நாற்காலில உக்காந்ததும் தூங்கிட்டேன்" என்றாள்.

வயதை வைத்துப் பார்த்தால் இந்த ஊரில் வலி கழுத்திலிருந்து கீழே இறங்குவது போலிருக்கிறது. இருபதுகளில் கழுத்தும் மணிக்கட்டும், முப்பது நாற்பதுகளில் தோளும் முதுகும், ஐம்பதுக்கு மேல் முழங்கால். பெண்களிடம் இந்த இறக்கம் கொஞ்சம் சீக்கிரமாகவே நடக்கிறது. ஆனால் ரயிலில் பார்த்ததை மட்டும் வைத்துப் பேசுவதில் ஒரு கோளாறு உண்டு. தொழில்நல ஆய்வுகளுக்கே உள்ள பழைய கோளாறுதான்: வேலையில் இருப்பவர்களைச் சோதித்தால், தாங்கக்கூடியவர்கள்தான் கணக்கில் வருவார்கள். தாங்க முடியாதவர்கள் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் பெண்கள் பெட்டியில் ஏன் இவ்வளவு குறைவு என்று யோசித்தபோதுதான், முந்தைய நாள் மதியம் லைன் வீட்டுத் திண்ணைகளில் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்பது உறைத்தது. "கார்மெண்ட்ஸ் போயிட்டிருந்தேன், முடியல, நின்னுட்டேன்" என்று சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர். எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் நோயாளிகள் இல்லை, வேலையை விட்டவர்கள்.

பெட்டியின் வாசலருகே, ஆண்கள் பக்கத்திலிருந்து எட்டிப்பார்த்துப் பேசிக்கொண்டு வந்த ஒருவர், மைன்ஸ் மூடியபோது முப்பதுகளில் இருந்தவர். இப்போது அடுக்குமாடி ஒன்றில் செக்யூரிட்டி. பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். கேட்டருகே நாற்காலி போட்டால் குடியிருப்போர் சங்கம் எடுத்துவிடுகிறதாம். பேண்டைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். கெண்டைக்கால் ரத்தக்குழாய்கள் முறுக்கிப் புடைத்திருந்தன. அவர் சொன்னதுதான் எனக்கு இந்தப் பயணத்தில் தலைப்பானது. "மைன்ஸ்ல லாம்ப் ரூம்ல டோக்கன் எடுத்தா டூட்டி ஆரம்பம்மா. கேஜ்ல போறதும் டூட்டிதான், கீழ நடக்கறதும் டூட்டிதான். இங்க கேட்ல கைநாட்டு வெச்சாத்தான் டூட்டி." கேஜ் என்பது ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கூண்டு.

அவர் சொன்னதற்கு உலக அளவிலான ஒரு பழைய ஆதாரம் உண்டு. 1931-ல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிலக்கரிச் சுரங்க வேலைநேரத்துக்கு ஒரு ஒப்பந்தம் வகுத்தது. இறங்குவதற்காகக் கேஜுக்குள் கால் வைத்ததிலிருந்து, மேலே வந்து கேஜை விட்டு வெளியேறும்வரை சுரங்க நேரம் என்று அதில் வரையறுத்தார்கள். ஒப்பந்தம் நடைமுறைக்கு வராமலே போனது வேறு கதை. ஆனால், வேலை இருக்கும் இடத்துக்குப் போவதும் உடம்பைத் தின்கிறது என்பதைச் சுரங்கத் தொழிலாளிகள் அன்றே எழுத்தில் ஏற்ற வைத்தார்கள்.

நம் சட்டத்தில் பாதிக் கதவு திறந்திருக்கிறது. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் (ஈ.எஸ்.ஐ.) சட்டத்தில் 2010-ல் சேர்த்த 51-ஈ பிரிவு, வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடக்கும் விபத்தை, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே கொண்டது. ஆக, இந்த ரயிலிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்தால் வழக்காடலாம். விழாமல் பத்தாண்டு போய்வந்து இடுப்பு தேய்ந்தால் ஒன்றுமில்லை. தேய்மானம் ஆலைக்குள்ளேயே நடந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை: 2025 வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் 29 நோய்கள் இருந்தன, சிலிகோசிஸ் இருந்தது, இரைச்சலால் வரும் காதுகேளாமை இருந்தது, தோள் இல்லை, முதுகு இல்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் மணிக்கட்டு நரம்பு நெருக்கம் உட்படத் தசை, எலும்பு நோய்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நம் அட்டவணை அதுவரை போகவில்லை. இதற்கிடையே கர்நாடகம் 2023-ல் ஆலைகளில் 12 மணி நேர ஷிப்டுக்கு வழி திறந்தது. அந்த 12-ஐ இந்த ரயிலோடு கூட்டினால் தூக்கத்துக்கு என்ன மிஞ்சும் என்று சட்டமன்றத்தில் யாராவது கணக்குப் போட்டார்களா தெரியவில்லை. போட்டிருந்தால் தங்கவயல்காரரைத்தான் உதாரணம் காட்டியிருக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்டில் பெட்டி பாதி காலியானது. நடைமேம்பாலத்தில் ஏறும்போது அக்கா கைப்பிடியை இடது கையால் பிடித்தார், வலது தோள் அசையாமல் இருக்க. ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதே, காட்டலாமே என்றேன். காட்டினால் ஒருநாள் போகும், வருகை போனஸ் போகும், ரெஸ்ட் எடு என்று எழுதித் தருவார்கள், எங்கே எடுப்பது என்றார். மெட்ரோ பக்கம் போகிறவர்கள் ஒருபுறம், கம்பெனி வேனுக்கு ஓடுகிறவர்கள் இன்னொருபுறம். அவர் வேன் பக்கம் திரும்பி, பிறகு நினைவுக்கு வந்ததுபோல நின்றார்.

"எழுதறதுன்னா டாக்டரப் பத்தி எழுதாதீங்கக்கா. ரெண்டு பொட்டி சேத்து வுடச் சொல்லி எழுதுங்க. உக்காந்து வந்தாப் போதும், மீதிய நாங்க பாத்துக்குவோம். கோரமண்டல்ல ஏர்றவங்களுக்கும் சேத்து."